குளத்து வராலில் மஞ்சள் புழு: குளத்து மீன் சாப்பிடலாமா?

ஏலாக்கரை (திருவட்டாறு வட்டாரம்)

அனைவருக்கும் வணக்கம். ஊர்ப் பொதுக்குளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, கட்லா, ரோகு, புல்கெண்டை வளர்த்துவருகிறேன். சானல் தண்ணீரோடு உள்ளே வரும் வராலும் குறவையும் தாமாகவே பெருகிக்கொள்ளும். போன வாரம் வலை இழுத்தபோது கரையிலேயே வரால் வாங்கிப்போன ஒருவர், வீட்டில் வெட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினார். செவுளுக்கு அடியிலும் வால் பக்கத்துத் தோலுக்குக் கீழேயும் அரிசிக் குருணை அளவில் மஞ்சள் மணிகள். ஊசியால் ஒன்றைக் கீறியதும் தட்டையான புழு ஒன்று நெளிந்து வெளியே வந்ததாம்.

மறுநாளே அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிட்டது. "வளர்ப்பு மீனில் புற்றுநோய்ப் புழு, குளத்து மீனை வாங்காதீர்கள்" என்று யாரோ கீழே எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். இப்போது கட்லாவைக்கூட யாரும் தொடுவதில்லை. தீவனக் கடையில் கடன் நிற்கிறது. அது என் கவலை, நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என் குளத்து மீனைத் தின்று ஒரு பிள்ளைக்கு நோய் வருமென்றால், நாளைக்கே குளத்தை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள். இது என்ன புழு? புற்றுநோய் என்பதில் உண்மை இருக்கிறதா?

பரளியாறு (மீன்வளப் பட்டதாரி)

அண்ணாச்சி, படம் எனக்கும் வந்தது. மணியின் நிறமும் அளவும் இருக்கும் இடமும் பார்த்தால் அது கிளினோஸ்டோமம் என்ற தட்டைப்புழுவின் இளம்பருவம். மீன்வளப் படிப்பில் மஞ்சள் புழு என்றே சொல்லித்தருவார்கள். வளர்ந்த புழு வாழ்வது கொக்கு, நாரை போன்ற பறவைகளின் வாய்க்குள்ளும் தொண்டையிலும். பறவை தண்ணீரில் அலகை வைக்கும்போது முட்டைகள் குளத்தில் விழும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழு நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு வாலோடு நீந்தும் உருவில் வெளியே வந்து மீனின் தோலைத் துளைத்து உள்ளே போய், கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்த மீனைக் கொக்கு விழுங்கினால் சுற்று முடிந்தது.

மனிதருக்கு வருமா? ஜப்பானிலும் கொரியாவிலும் நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்ற சிலருக்குத் தொண்டையில் ஒட்டிக்கொண்டு வலி தந்திருக்கிறது. எடுத்துப் போட்டால் சரியாகிவிடும். குழம்பில் கொதித்த மீனில் இது செத்த புழு. பார்க்க அருவருப்பாக இருக்கும், விலை போகாது. சமைத்துச் சாப்பிட்டவருக்கு நோய் தராது.

புற்றுநோய்ப் புழு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது வேறு புழு. குளோனார்கிஸ் சினென்சிஸ், ஒபிஸ்தார்கிஸ் விவெரினி என்ற இரண்டு ஈரல் புழுக்கள். முதலாவது சீனா, கொரியா, வடக்கு வியட்நாம் பக்கம். இரண்டாவது தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, தெற்கு வியட்நாம் பக்கம். இவையும் நத்தை வழியாக மீனுக்கும், மீன் வழியாக மனிதருக்கும் வருகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் ஒபிஸ்தார்கிஸையும் 2009-இல் குளோனார்கிஸையும், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. வாட்ஸ்அப்பில் எழுதியவர் இந்தச் செய்தியை எங்கோ படித்துவிட்டு உங்கள் வராலின் படத்தோடு ஒட்டிவிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மீனின் சதைக்குள் இருக்கும் ஈரல் புழுவின் கூடு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், அதற்கும் குறைவாகவும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் மணியைப் பார்த்துப் பயப்படுகிறவர், மணி இல்லாத மீனைப் பார்த்து நிம்மதி அடைகிறார். இரண்டுமே கண்ணை நம்பி எடுக்கிற முடிவு.

தேரூர்க் கொக்கு

பறவை பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். கொக்கின் வாயில் புழு என்று பரளியாறு தம்பி சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே குளங்களில் கொக்குகளுக்குக் கண்ணி வைக்கவும் வெடி போடவும் கிளம்பிவிடாதீர்கள். சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே வருகிற பறவைகள்தாம் நம் ஏலாக்களிலும் (வயல்வெளிகளிலும்) மேய்கின்றன. நெல்லும் மீனும் கொக்கும் இந்த மண்ணில் சேர்ந்தே இருந்துவந்தவை. சுற்றை அறுக்க வேண்டுமென்றால் நத்தைப் பக்கத்தில் அறுக்கலாம்.

ஏலாக்கரை

கொக்கை நான் தொட மாட்டேன், ஐயா. அதுவும் பசிக்குத்தான் வருகிறது. தம்பி, நன்றி. "சமைத்தால் சாகும்" என்கிறீர்கள். எவ்வளவு சமைத்தால்? கடைகளில் மேலே கருகி உள்ளே ரத்தம் நிற்கிற துண்டுகளைப் பார்க்கிறோமே?

கூடைக்காரி மகள்

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே மீன் விற்கிறவர். கடல் மீனும் விற்பார், அணை மீனும் விற்பார்.

"புழு குளத்து மீனில் மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? சூரையின் வயிற்றைக் கீறினால் குடலைச் சுற்றி வெள்ளை நூலாகச் சுருண்டிருக்கும். வாளை மீனிலும் பார்த்திருக்கிறேன். நாங்கள் மீன் வந்ததும் முதலில் குடலை உருவிவிடுவோம். மீன் செத்துக் கிடக்கக் கிடக்க அந்தப் புழு குடலை விட்டுச் சதைக்குள் ஏறும் என்று என் மாமியார் சொல்வார். வராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வழுவழுப்புப் போனபின் தோலை உரித்துப் பார்த்தால் மணி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மணி இருந்தால் நான் விற்க மாட்டேன். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். வாங்குகிறவர் மனம் ஒப்ப வேண்டும், அவ்வளவுதான்."

அம்மா இன்னொன்றும் கேட்கிறார். சந்தையில் மீன் வெட்டுகிற இடத்தில் குவிகிற குடலெல்லாம் எங்கே போகிறது என்று யாராவது கவனித்தீர்களா? பாதியைப் பூனையும் நாயும் தின்கின்றன. மீதியைச் சாக்கில் கட்டிச் சானலில் வீசுகிறார்கள்.

டெக்னோபார்க் பயணி

நான் தினமும் மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறேன். எங்கள் அலுவலகத்தில் பலரும் இப்போது சுஷி சாப்பிடுகிறார்கள், நானும் சாப்பிடுகிறேன். அது பச்சை மீன்தானே? அதில் ஆபத்து இல்லையா? குளத்து மீனைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

குமரி மருத்துவர் (நாகர்கோவில்)

கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எனக்குத் தோன்றும் வரிசையில் எழுதுகிறேன்.

ஏலாக்கரை அண்ணாச்சி, மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும், இந்தப் புழுக்கள் செத்துவிடும். நம் வீட்டுத் தேங்காய் அரைத்த குழம்பும் புளிமுளமும் கொதிக்கிற கொதிப்பில் அந்த வெப்பம் எப்போதோ தாண்டிப்போயிருக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்புமாக வளர்ந்த இந்த மாவட்டத்தை நம் அடுப்புத்தான் இவ்வளவு காலம் காப்பாற்றியிருக்கிறது. கவலை தருவது நீங்கள் சொன்ன அந்தக் கடைத் துண்டு. கனமான துண்டைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டு மசாலா சிவந்ததும் எடுத்துவிடுகிறார்கள். முழு மீனை நெருப்பில் சுட்டுத் தருகிற கடைகளிலும் இதே கதை. முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது வேகவில்லை. வெந்த சதை வெள்ளையாக மாறி, முள்ளை விட்டு ஏடு ஏடாகப் பிரியும். பிரியவில்லையென்றால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

டெக்னோபார்க் தம்பிக்கு: பச்சையாகத் தின்னும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு. வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டி அந்தக் குளிரில் நிலையாக நிற்காது, நம் ஊர் மின்வெட்டில் சொல்லவே வேண்டாம். ஐஸ் பெட்டியில் கிடந்த மீனிலும் புழு உயிரோடுதான் இருக்கும். உணவகத்தில் கேளுங்கள்: இது எங்கிருந்து வந்த மீன், உறையவைத்ததா? பதில் சொல்லத் தெரியாத கடையில் பச்சை மீன் வேண்டாம். தீவன உருண்டை மட்டுமே தின்று கூண்டில் வளர்ந்த சால்மன் மீனுக்கு, தக்க சான்று இருந்தால் இந்த உறைநிலை விதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் விலக்கு அளித்தது. புழுவைச் சுமக்கிற உயிருள்ள இரையை அது தின்பதில்லை என்பதே காரணம். வளர்ப்பு மீன் என்றாலே புழு என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

கூடைக்காரி மகளின் அம்மாவுக்கு என் வணக்கம். அவர் சொல்கிற வெள்ளை நூல் அனிசாகிஸ் வகைப் புழுவாக இருக்கலாம். குடலை உடனே எடுக்கச் சொன்ன மாமியாரின் அறிவு நூற்றுக்கு நூறு சரி. அந்த வகைப் புழு செத்தபின்னும் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக வெந்த கடல் மீனைத் தின்று உடம்பெல்லாம் தடித்துப்போகிறவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

இனி ஈரல் புழு. தாய்லாந்தின் வடகிழக்கில் கோய் பிளா என்று பச்சை மீனை நறுக்கி, எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துத் தின்பார்கள். எலுமிச்சைச் சாறு புழுவைக் கொல்லாது. பித்தக்குழாய்ப் புற்றுநோய் உலகிலேயே அதிகம் காணப்படுவது அந்தப் பகுதியில்தான். புழு பித்தக்குழாயில் இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. பல ஆண்டுகளுக்குப் பிறகு வலப்பக்க வயிற்று வலி, மஞ்சள் காமாலை, பித்தக்குழாய் அழற்சி என்று வரும். மலப் பரிசோதனையில் முட்டையைக் காணலாம், பிராசிகுவாண்டல் மாத்திரையால் புழுவை ஒழிக்கலாம். பிள்ளைகளுக்குப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தருகிற அல்பெண்டசோல் மாத்திரை குடற்புழுவுக்கானது. ஈரல் புழுவுக்கு அதை நம்ப முடியாது.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் கொரியா, வியட்நாம், தாய்லாந்து என்று போகிறார்கள். அங்கே ஆற்று மீனைப் பச்சையாகத் தின்றிருந்தால், ஊர் திரும்பியதும் ஒரு மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேலாங்கோடு வாசகன்

அப்படியென்றால் வெளியிலிருந்து வருகிறவர்கள்தானே இதைக் கொண்டுவருவார்கள்? ரப்பர் தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் வடகிழக்கு மாநிலத்தவர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களைப் பரிசோதிக்க வேண்டாமா?

குமரி மருத்துவர்

தம்பி, அந்தப் பாதையில் போகாதீர்கள். ஒருவர் உடம்பில் புழு இருந்தாலும், அவருடைய மலம் குளத்துக்குப் போனால்தான் முட்டை தண்ணீரை அடையும். அந்தப் புழுவுக்கு ஏற்ற நத்தை அங்கே இருக்க வேண்டும், ஏற்ற மீன் இருக்க வேண்டும், அந்த மீனை யாராவது வேகாமல் தின்ன வேண்டும். நாம் கேட்க வேண்டியது, அவருக்கு ஒழுங்கான கழிப்பறை கொடுத்தோமா என்பதுதான். தோட்டத்து லயத்தில் பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை கட்டி, அதன் குழாயைத் தோட்டில் (ஓடையில்) திறந்துவிடுகிறவர் உள்ளூர் முதலாளி. தொழிலாளியை ஊசி குத்திப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பழைய சுகாதார ஆய்வாளர்

டாக்டர் அம்மா தொட்ட இடத்திலிருந்துதான் நான் பேச வேண்டும். பணியில் இருந்த காலமெல்லாம் கிணறும் குளமும் சாக்கடையும் பார்த்தே கழிந்தது. நத்தை, கொக்கு, வரால் என்று இங்கே எல்லாரும் பேசுகிறீர்கள். ஈரல் புழுவின் முட்டை தண்ணீருக்குள் போவது மனித மலத்தாலும், நாய், பூனை, பன்றியின் கழிவாலும். அந்த வாசலை அடைத்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

எங்கள் ஊர்க் குளத்தின் தென்மேற்கு மூலையில் தாழம்புதர் ஒன்று இருக்கிறது. அதற்குள் கையை விட்டு இலைகளை விலக்கினால், மூன்று அங்குலக் கறுப்புக் குழாய் ஒன்று மண்ணிலிருந்து ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பகலில் சொட்டுச் சொட்டாக வடியும். காலை ஆறு மணிக்கு, கரையோர வீடுகளில் எல்லாரும் எழுந்தபிறகு போய்ப் பாருங்கள், ஓடும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் வண்டியைக் கூப்பிடப் பணம் ஆகும் என்று குழாயைக் குளத்துக்கு விட்டிருக்கிறார்கள். அதே குளத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளே குளிக்கிறார்கள்! கேட்டால், "தண்ணீர்தானே வருகிறது" என்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பணிக்காலத்தில் படித்து வைத்திருக்கிறேன். கழிவுநீர் சேர்கிற மீன்குளத்தில் ஈ.கோலி நுண்ணுயிருக்குக்கூட ஓர் அளவு வரை இடம் கொடுக்கிறார்கள். உயிருள்ள தட்டைப்புழு முட்டைக்கு மட்டும் இடமே இல்லை, ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்கிறார்கள். ஒரு முட்டை ஒரு நத்தைக்குள் போனால் அங்கே பல்கிப் பெருகி ஆயிரக்கணக்கில் வெளியே வரும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களில் நகரக் கழிவுநீரில் தலைமுறை தலைமுறையாக மீன் வளர்க்கிறார்கள். அங்கே கழிவுநீரை வெயிலில் தேக்கி, தெளியவைத்து, அளந்து விடுகிறார்கள். தாழம்புதருக்குள் ஒளித்து வைத்த குழாய்க்கு அதைச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள்.

ஏலாக்கரை, உங்கள் குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியை மேலே வரைக்கும் நடந்து பார்த்திருக்கிறீர்களா?

ஏலாக்கரை

நடந்திருக்கிறேன், ஐயா. சானலிலிருந்து கிளை பிரியும் இடத்துக்கும் என் குளத்துக்கும் இடையில் நான்கு வீட்டுக் குழாய்கள், ஒரு கோழிக்கடை, ஒரு பன்றிக்கொட்டில். கோழிக்கடைக்காரரிடம் பேசியாகிவிட்டது. குழாய்க்காரர்களிடம் பேசினால் சண்டைதான் வருகிறது. குளம் ஊராட்சியுடையது, குத்தகைக்காரனுக்கு என்ன பேச்சு என்கிறார்கள்.

குலசேகரம் மீன்குடில்

நானும் மீன் வளர்க்கிறவன். என் அனுபவத்தைச் சொல்கிறேன். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைக் கொஞ்சம் கலந்து ஊற்றினால் மீன் பேன், நங்கூரப் புழு, நத்தை எல்லாம் ஒரே நாளில் போய்விடும். பக்கத்து மாவட்டத்தில் பலர் செய்கிறார்கள். ஏன் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்?

பரளியாறு

அண்ணே, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லாதீர்கள். மீன் பேனும் நங்கூரப் புழுவும் மீனுக்குத் தொல்லை, மனிதருக்கு அவற்றால் எதுவும் இல்லை. தோலில் செம்புண் வருகிற நோயும் அப்படித்தான், அது நீர்ப்பூஞ்சை வகை ஒன்றால் வருவது. மனிதரை ஒன்றும் செய்யாத பேனைக் கொல்ல, மனித நரம்பைத் தாக்கும் மருந்தை ஊற்றுகிறீர்கள். மருந்து மீனின் சதையிலும் சேற்றிலும் தங்கும். அந்தத் தண்ணீரில் குளிக்கிறவர் இருக்கிறார், மாடு குடிக்கிறது, கீழ் ஏலாவில் நெல் நிற்கிறது. புழுவைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். மருந்தைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது.

தாமரைக்காரர் (பறக்கை)

நான் குளத்தைத் தாமரைக்குக் குத்தகை எடுத்துத் தோவாளைச் சந்தைக்குப் பூ அனுப்புகிறவன். நத்தை முட்டையிடுவது தாமரைத் தண்டிலும் ஆகாயத்தாமரையின் வேரிலும்தான், தினமும் பார்க்கிறேன். மீன் வளர்க்கிறவர்கள் கரையோரக் களையை வெட்டி ஒதுக்கினாலே நத்தை குறையும். பூப்பறிக்க இறங்குகிற எங்களுக்குக் கால் முழுக்கச் சிவந்து தடித்து அரிப்பு வருகிறது. இதுவும் இந்தப் புழுவா?

குமரி மருத்துவர்

உறவுக்காரப் புழு, அண்ணாச்சி. மாடு, வாத்து இவற்றின் ரத்தக் குழாயில் வாழும் தட்டைப்புழுக்களும் நத்தை வழியாகவே பரவுகின்றன. நத்தையிலிருந்து வெளிவருவது ஆளைத் தவறாக எடுத்துக்கொண்டு மனிதத் தோலுக்குள் நுழையும், அங்கேயே செத்துவிடும். செத்த இடம் தடிக்கும், அரிக்கும். இறங்குமுன் காலுறையோடு கூடிய ரப்பர் பூட்ஸ் போட முடிந்தால் நல்லது. ஏறியதும் துண்டால் அழுத்தித் துடையுங்கள், ஈரம் தானாகக் காயும்வரை விடாதீர்கள். சொறிந்து புண்ணாக்க வேண்டாம். மாடு குளிப்பாட்டும் துறையையும் பூப்பறிக்கும் இடத்தையும் தள்ளித் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்னோபார்க் பயணி

கேரளத்தில் 2024-இலும் 2025-இலும் குளத்தில் குளித்தவர்களுக்கு மூளையைத் தின்னும் அமீபா வந்ததாகச் செய்தி படித்தோமே, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் வந்தது. மீனிலிருந்து அது வருமா?

குமரி மருத்துவர்

வராது. அந்த அமீபா வெதுவெதுப்பான தண்ணீரில் தனியாக வாழ்வது. மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறினால்தான் ஆபத்து. மீனைத் தின்பதாலோ தண்ணீரைக் குடிப்பதாலோ அந்த நோய் வருவதில்லை. தேங்கிக் கிடக்கிற குளத்தில் பிள்ளைகளைத் தலைகீழாகக் குதிக்க விடாதீர்கள். குளித்த சில நாளில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு ஓடுங்கள், குளத்தில் குளித்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

நெறியாளர்

அமீபா பற்றி மேலும் பேச விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்கலாம். இங்கே மீன் வளர்ப்பைத் தொடர்வோம்.

குலசேகரம் மீன்குடில்

பரளியாறு தம்பி சொன்னதை யோசித்தேன். மருந்து வேண்டாம், சரி. குளத்தில் வாத்து விட்டால் நத்தையைத் தின்றுவிடும் அல்லவா? கொட்டிலைத் தண்ணீர்மேலேயே கட்டினால் எச்சமும் மீனுக்கு உரம்.

பரளியாறு

வாத்து நத்தையைத் தின்னும், உண்மை. ஆனால் டாக்டர் அக்கா இப்போதுதான் சொன்னார், வாத்தின் உடம்பில் வாழும் தட்டைப்புழுவும் நத்தை வழியாகவே சுற்றுகிறது. நத்தை ஒழியும் முன்பே எச்சம் தண்ணீரில் விழுந்தால் நாமே ஒரு சுற்றைத் தொடங்கிவைக்கிறோம். தண்ணீர் வற்றியபிறகு காய்ந்த குளத்துக்குள் வாத்தை மேயவிட்டால் எனக்கு மறுப்பில்லை. பன்றிக்கொட்டிலைக் குளத்துமேல் கட்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். எரு வேண்டுமென்றால் குவித்து மக்கவைத்துப் போடலாம்.

வியட்நாமில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவப்பாற்றுக் கழிமுகத்தில் வீட்டுக்கு வீடு மீன்குளம். மனிதருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், மீனில் புழு தொடர்ந்தது. நாயும் பூனையும் பன்றியும் முட்டையைப் போட்டுக்கொண்டே இருந்தன. தேடிப் பார்த்ததில், பெரிய குளத்துக்குப் போகும் முன்பே, நாற்றங்கால் குளத்தில் சில வாரங்களிலேயே குஞ்சுகளுக்குப் புழு ஏறிவிடுவது தெரிந்தது. பிறகு நாற்றங்கால் குளத்தில் சேற்றை வழித்தெடுத்தார்கள், களையையும் நத்தையையும் அகற்றினார்கள், கால்நடைக் கழிவு வழிந்து வராமல் வரப்பைச் சரிசெய்தார்கள், தண்ணீர் நுழையும் வாயில் வலை கட்டினார்கள். குஞ்சுகளில் புழு வெகுவாகக் குறைந்தது. தாய்லாந்தில் கோன் கேன் பல்கலைக்கழகத்தார் லாவா ஏரிப் பக்கத்துக் கிராமங்களில் மாத்திரை, பள்ளிப் பாடம், நாய் பூனைக்கு மருந்து எல்லாவற்றையும் சேர்த்துச் செய்து மீனிலிருந்தே புழுவை விரட்டிக் காட்டினார்கள்.

அண்ணாச்சி, நீங்கள் குஞ்சு வாங்குகிற பண்ணையின் நாற்றங்கால் குளத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கரையில் நத்தை எவ்வளவு, வேலி இருக்கிறதா, நாய் இறங்குகிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று மட்டும் வாங்காதீர்கள்.

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, பிப்ரவரிக் கடைசியில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். ஜூன் முதல் தேதி மறுபடி திறக்கும்வரை உங்களுக்குக் காலம் இருக்கிறது. மீனைப் பிடித்து முடித்ததும் குளத்தை வெடிப்பு விழும்வரை காயவிடுங்கள். சேற்றுக்குள் புதைந்து உயிரைப் பிடித்துக்கொள்ளும் நத்தைகளும் உண்டு, ஆகையால் மேல்சேற்றை வழித்துத் தென்னைக்குப் போட்டுவிடுங்கள். ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ சுண்ணாம்பு. குழியில் தண்ணீர் தங்கி வராலும் குறவையும் ஒளிந்திருந்தால் இலுப்பைப் புண்ணாக்குப் போதும். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,500 கிலோ என்பது கணக்கு, உங்கள் குழிக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம். பொதுக்குளம் என்பதால் போடும் முன் ஊருக்குச் சொல்லிவிடுங்கள், அதன் வீரியம் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். தண்ணீர் வரும் மடையில் நெருக்கமான வலை கட்டுங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கூடைக்காரி மகள்

அம்மா ஒரு முடிவு எடுத்திருக்கிறார். இனி வெட்டுகிற குடலை மூடிபோட்ட வாளியில் சேர்த்து, மாலையில் தென்னந்தோப்பில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கப்போகிறார். பூனைக்குக் கொடுப்பதென்றால் வேகவைத்துக் கொடுக்கச் சொல்லி வாங்குகிறவர்களிடமும் சொல்கிறார். சந்தையில் மற்றவர்களும் செய்வார்களா தெரியாது, பக்கத்துக் கடைக்காரர் சரி என்றிருக்கிறார்.

ஏலாக்கரை அண்ணனிடம் அம்மா கேட்கச் சொன்னார்: கட்லா எப்போது பிடிப்பீர்கள்? தோல் உரித்துக் காட்டி, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி, அம்மா விற்றுத் தருவார்.

ஏலாக்கரை

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தங்கச்சி. சனிக்கிழமை விடியற்காலை வலை இழுக்கிறேன். வராலைத் தனியாக ஒதுக்கிவிடுவேன், விற்க மாட்டேன்.

குழாய் விஷயத்தில் இப்போது எனக்குத் தைரியம் வந்திருக்கிறது. இது என் வியாபாரச் சண்டை என்று இதுவரை ஒதுங்கியிருந்தேன். அந்தத் தண்ணீரில் குளிக்கிற பிள்ளைகளின் சங்கதி இது. ஊராட்சித் தலைவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கப்போகிறேன். இதே கிளைச் சானலில் குளம் வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் கையெழுத்துப் போட வாருங்கள்.

பழைய சுகாதார ஆய்வாளர்

நான் வருகிறேன். மனுவில் மீனைப் பற்றி ஒரு வரி போதும், குடிநீரையும் குளிப்பதையும் முதலில் எழுதுங்கள். சானலை ஒட்டி எத்தனை கிணறுகள் என்று எண்ணிச் சேருங்கள். ஒவ்வொரு குழாயையும் தேதி தெரியும்படி காலை ஆறு மணிக்குப் படம் எடுங்கள், பகலில் எடுத்த படத்தைக் காட்டினால் வறண்டு கிடக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். வீட்டுக்காரர் பெயரை எழுத வேண்டாம், கதவு எண் போதும். தொட்டி கட்டப் பணமில்லாத வீடு எது என்று தனியாகக் குறியுங்கள், அவர்களுக்கு அரசுக் கழிப்பறைத் திட்டத்தில் உதவி கேட்டு இன்னொரு மனுவை நான் எழுதித் தருகிறேன்.

தாமரைக்காரர் (பறக்கை)

எங்கள் சானல் வேறு. ஆனாலும் குழாய் அதே குழாய்தான். திங்கட்கிழமை நானும் வருகிறேன்.